நாற்பத்தேழாம் பக்கத்துக் கை

முகம் மட்டும் வழித்தால் போதும், அண்ணாச்சி. தலையில் கை வைக்க வேண்டாம். அவசரம் எதுவும் இல்லை, மெதுவாகவே செய்யுங்கள். நாலு மணி பஸ்ஸை விட்டால் அஞ்சு மணிக்கு ஒன்று இருக்கிறதாம். அதையும் விட்டால் ஆறரைக்கு. விட்டுக்கொண்டே போகலாம். மூக்குக்கண்ணாடியை இங்கே பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இதைக் கழற்றிவிட்டால் எனக்கு எல்லாமே மங்கல்தான். எதிர்க் கண்ணாடியில் நான் ஒரு மங்கல், நீங்கள் ஒரு மங்கல், பின்சுவரில் ஒட்டியிருக்கிறீர்களே ஒரு மஞ்சள் அட்டை, அது ஒரு மங்கல். நல்ல மஞ்சள். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் எனக்குத் தப்பாது. என் பிழைப்பு அதுதான்.

வாசல் பெஞ்சில் பிரவுன் தாள் கட்டு ஒன்று வைத்திருக்கிறேன். யாரும் பிரித்துவிடாமல் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வெடி இல்லை, பயப்படாதீர்கள். சிவகாசியிலிருந்து வருகிறேன் என்றால் எல்லோரும் அதைத்தான் நினைக்கிறார்கள். புத்தகம். இருபது பிரதி. மீதி இருநூற்றெண்பதும் நாளைக் காலையில் அச்சகத்து வண்டியில் நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடும். வர வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் ராஜபாளையத்தில் இறங்க வேண்டிய ஆளே இல்லை. சங்கரன்கோவிலுக்கு டிக்கெட் எடுத்தவன். இங்கே டீ குடிக்கப் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள், நானும் கட்டோடு இறங்கினேன். கண்டக்டர் விசில் கொடுத்தார், எல்லோரும் ஏறினார்கள், நான் ஏறவில்லை. "சார், வரலையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. பஸ் நகர்ந்ததும் எதிரே உங்கள் கடை.

இல்லை, முழுக்க அப்படியும் இல்லை. உங்களிடம் பொய் சொல்வானேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. தெரியாத ஊரில், என்னைத் தெரியாத ஒரு சலூன்காரரிடம் ஒரு படத்தைக் காட்டி, இதில் தப்பு ஏதும் கண்ணுக்குப் படுகிறதா என்று கேட்க வேண்டும். சிவகாசியை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதே யோசனைதான்.

சோப்புப் போடும் முன்னாலேயே காட்டிவிடுகிறேன். ஒரு பிரதியை மடியிலேயே வைத்திருக்கிறேன், பாருங்கள். நாற்பத்தேழாம் பக்கம். ஆள் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள், அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இதோ, கண்ணாடியில் பாருங்கள். ஒரு சலூனில் ஒருவர் சவரம் செய்கிறார். பின்னால் கடையின் கண்ணாடிக் கதவு. நீங்கள் தொழில்காரர். பார்த்ததும் உறுத்துகிற மாதிரி ஏதாவது?

இல்லையா?

நன்றாகப் பாருங்கள். கத்தி பிடித்திருக்கிற கை? சரியாகத்தான் இருக்கிறதா? அண்ணாச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். காலை பத்து மணியிலிருந்து இப்போதுதான் முழுசாக ஒரு மூச்சு விடுகிறேன். நீங்களே கவனிக்கவில்லை என்றால் வேறு யார் கவனிக்கப் போகிறார்கள்! நான் பயந்த மாதிரி ஒன்றுமே இல்லை. போடுங்கள் சோப்பை. நாலு மணி பஸ்ஸையே பிடித்துவிடலாம்.

என்ன, கதவு எழுத்தா? "எழுத்து திரும்பித்தான இருக்கும், உள்ள இருந்து பாத்தா" என்கிறீர்கள். ஆமாம், உள்ளே இருந்து பார்த்தால் திரும்பித்தான் இருக்கும். ஆனால் என் புத்தகத்தில் எழுத்து நேராக அல்லவா...

கண்ணாடி. நான் கண்ணாடியிலே காட்டியிருக்கிறேன்.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளோடு யாரும் பேசுவதில்லை, கண்ணாடியில் இருக்கிற ஆளோடுதான் பேச்சு. அந்த ஆளிடமே காட்டித் தொலைத்திருக்கிறேன். நான் திருப்பியதை இந்தக் கண்ணாடி மறுபடி திருப்பிக் கொடுத்துவிட்டது. சரி. இந்தாருங்கள், நேராகக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ம். ஒரு நொடி ஆகவில்லை பார்த்தீர்களா? இடது கை. இடது கையில் கத்தி.

ஏன் இவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்? ஐயோ, கட்டைவிரலை எடுத்துவிட்டேனே. பரவாயில்லை, நீங்கள் வேறு ஊர்க்காரர். கொடுங்கள். சோப்புப் போடுங்கள். நுரை ஏறட்டும், நான் சொல்கிறேன்.

நான் மஸ்கட்டில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். ஒரு பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிற வேலை. ஒரே விஷயத்துக்கு இங்கிலீஷில் ஒரு பதிப்பு, அரபியில் ஒரு பதிப்பு. இங்கிலீஷ் இடமிருந்து போகும், அரபி வலமிருந்து வரும். அதனால் இங்கிலீஷ் பக்கத்தில் வலது பார்த்து நிற்கிற ஆளை அரபிப் பக்கத்தில் இடது பார்க்க வைப்போம். ஒரு பொத்தான்தான். செய்திப் படத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று விதி உண்டு. சமையல் பக்கத்தையும் கார் விளம்பரத்தையும் யார் கேட்கிறார்கள்? ஒட்டகம், மீன் குழம்பு, பல் வைத்தியர், எத்தனை ஆயிரத்தைத் திருப்பியிருப்பேன்! ஒருத்தர்கூட வந்து ஏன் திருப்பினாய் என்று கேட்டதில்லை. மூன்று வருஷம் முன்னால் அச்சுப் பதிப்பையே மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயசில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெபமணி என்று ஒருத்தி, என்னோடு பத்தாவது படித்தவள், இப்போது சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவள்தான் பிடித்தாள். "சிதம்பரநாதா, நீ மஸ்கட்ல பேப்பருக்குப் பக்கம் போட்டவன்தான? சும்மா வீட்டுல உக்காந்து சுவத்தப் பாக்கதுக்கு எங்க பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போட்டுக் குடேன்" என்றாள். பதினோராம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள், ஊரில் இருபத்திரண்டு சலூன்கள். ஆளுக்கு ஒரு கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கே உட்கார்ந்து, பார்த்ததை எழுத வேண்டும், படம் எடுக்க வேண்டும். புத்தகத்துக்குப் பெயர் 'இருபத்திரண்டு கண்ணாடிகள்'. பெயர் நான் வைத்ததுதான்.

அதில் பாதி பெண் பிள்ளைகள், அண்ணாச்சி. பிறந்ததிலிருந்து சலூனுக்குள் கால் வைக்காத பிள்ளைகள். கடைக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தர் சுவரிலிருந்த நடிகை படத்தைக் கழற்றிவிட்டு அவசரமாக ஒரு முருகனை மாட்டியிருக்கிறார். போன பிள்ளை அதையும் எழுதிவிட்டது. 'சிறிய முருகன் படத்தைச் சுற்றிச் சுவர் பெரிய சதுரமாக வெளுத்திருந்தது' என்று. இன்னொரு பையன் பேச்சை மட்டும் எழுதிக்கொண்டு வந்தான். 'அரசியல் பேசாதீர்' என்று போர்டு வைத்த கடையில் ஒன்பது மணி நேரத்தில் அரசியல் பேசாமல் இருந்தது மொத்தம் பதினோரு நிமிஷம், அதுவும் கரண்ட் போனபோது. நல்ல புத்தகம் அண்ணாச்சி. நான் செய்ததில் நல்ல புத்தகம் இதுதான். ஒவ்வொரு பக்க எண்ணுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு சீப்பு வரைந்திருக்கிறேன். பக்கம் போகப் போகச் சீப்பில் ஒவ்வொரு பல்லாக உதிரும். அதை யாராவது கவனிப்பார்களா என்று போன வாரம் வரைக்கும் என் கவலை அது ஒன்றுதான்.

அது என் போன். துணிக்கு அடியில் துடிக்கிறது. விடுங்கள், தானே நின்றுவிடும்.

இந்த நாற்பத்தேழாம் பக்கத்தை எழுதிய பிள்ளைதான். பெயர் வேண்டாம். புத்தக வேலை தொடங்கும் வரை அவள் வகுப்பில் யாருக்கும் அப்பா தொழில் தெரியாது. கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருந்தாள். கடைகளைப் பங்கு போட்ட அன்றைக்கு நானும் வகுப்பில் இருந்தேன். ஜெபமணி ஒவ்வொரு கடையாக வாசித்துக்கொண்டு வந்தாள். இவள் எழுந்து, "அத நான் எடுத்துக்கிடுதேன் டீச்சர். அது எங்க அப்பா கடை" என்றாள். பின்னால் இருந்து ஒருத்தன், "அப்ப எனக்கு ஃப்ரீயா வெட்டுவாராட்டீ?" என்றான். இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒனக்கு வெட்ட என்னல இருக்கு, காத விட்டா?" என்றாள். சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. உட்கார்ந்ததும் அவள் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

அவள் எழுதியதில் ஒரு பத்தி. அது எனக்கு மனப்பாடம். 'அப்பா வீட்டில் எனக்கு ரெட்டைச் சடை பின்னும்போது இடது கைதான் முந்தி வரும். கீழே விழுகிற தம்ளரை இடது கையால்தான் பிடிப்பார். கடையில் அந்தக் கை சீப்பு மட்டும் பிடிக்கும். தாத்தா தொழில் பழக்கும்போது அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டுத்தான் கத்தியைக் கொடுப்பாராம். இரண்டு வருஷம் கட்டினாராம். கடையில் கத்தி பிடிப்பது தாத்தாவின் கை. எனக்குச் சடை பின்னுவது அப்பாவின் கை.'

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? பிளேடு மாற்ற வேண்டுமா? மாற்றுங்கள், மாற்றுங்கள்.

இதை நான் படித்தபோது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். பெரிய எழுத்தில், பக்கத்துக்கு நடுவே போட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். மறுநாளே அவள் வந்து நிற்கிறாள். "சார், அந்த ஒரு பத்திய மட்டும் எடுத்துருங்க. வீட்டுல வாசிச்சுக் காட்டினேன். அப்பா சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க."

நான் அவரைப் பார்க்கக் கடைக்கே போனேன். முடி வெட்டிக்கொண்டேன். கிளம்பும்போது துணியை உதறிக்கொண்டே கேட்டார், என்னைப் பார்க்காமல், கண்ணாடியில் இருக்கிற என்னிடம். "சார், அது எடுத்தாச்சுல்லா?" எடுத்தாச்சு என்றேன். "பிள்ள எழுதினது பொய்யில்ல சார். ஆனா கல்யாண மாப்பிள்ளைக்கு மொகம் வழிக்க, பச்சப்பிள்ளைக்கு மொத முடி எடுக்க, எல்லாத்துக்கும் என்னத்தான் கூப்பிடுதாவ. கைராசின்னு கூப்பிடுதாவ. ராசியான கை இது இல்ல, மாத்தி வச்ச கைன்னு தெரிஞ்சா அப்புறம் யாரு கூப்பிடுவா? எங்க ஆளுகளுக்கே தெரியாது சார். எம் பொண்டாட்டிக்குத் தெரியும், எம் பிள்ளைக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்கு."

நான் சொன்னேன்: "பரமசிவண்ணே, என்னைத் தாண்டி இது வெளியே போகாது."

பெயரைச் சொல்லிவிட்டேனா? போகட்டும், பரமசிவன் என்று ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நீங்கள் வழியுங்கள். ஒரு கன்னம் முடிந்துவிட்டதா? குளுகுளு என்று இருக்கிறது. மெல்லிய கை உங்களுக்கு.

இனிமேல்தான் விஷயம். பத்தியை எடுத்தேன். எடுத்தால் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு வெறும் இடம். எழுத்தைப் பெரிதாக்கினால் மற்ற பக்கங்களோடு ஒட்டாது. சரி, படத்தைப் பெரிதாக்கு. பெரிதாக்கினேன். அவள் கடைக்குள்ளே நின்று போனில் எடுத்த படம். அதுவரை சின்னதாக இருந்தபோது தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது, பின்னால் கதவில் 'அபி' என்று கடைப் பெயர், தலைகீழாக இல்லை, இடம் வலமாகத் திரும்பி நிற்கிறது. மகள் பெயரைத்தான் கடைக்கு வைத்திருக்கிறார். எனக்கு என்ன தோன்ற வேண்டும், சொல்லுங்கள்? கடைக்குள்ளிருந்து எடுத்தது, வெளியே ஒட்டிய எழுத்து உள்ளே திரும்பித்தான் தெரியும் என்று ஒரு குழந்தைக்குத் தோன்றும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? சின்னப்பிள்ளை, செல்ஃபி கேமராவில் எடுத்துவிட்டாள், படமே திரும்பிவிட்டது, நாம்தான் சரிசெய்ய வேண்டும். பத்தொன்பது வருஷத்துக் கை. பொத்தானை அமுக்கினேன். எழுத்து ஜம்மென்று நேராக வந்து நின்றது. 'அபி'. மகள் பெயர் அழகாகத் தெரிகிறது, திறக்கிறபோது பார்த்து மகிழ்ந்து போவாள் என்று நினைத்தேன். எழுத்தை மட்டும்தான் பார்த்தேன், அண்ணாச்சி. கையைப் பார்க்கவே இல்லை.

அவளிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். கேட்டாள். "எம் பக்கத்த மட்டும் பாத்துக்கிடட்டா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். புத்தகத்தைக் கையில் வாங்கும்போது பார், அதுதான் சுகம் என்று சொன்னேன். ஜெபமணிக்கு அனுப்பினேன், அவள் ஒற்று மிகுந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு அச்சுக்குப் போகலாம் என்றாள்.

இன்றைக்குக் காலையில் அச்சகத்தில் முதல் பிரதியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புது மையின் வாசனை எனக்குப் பிடிக்கும். பசை ஒட்டுகிற ஒரு அக்கா பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு பக்கங்களை எட்டிப் பார்த்தாள். "ஏன் சார், இவரு பீச்சாங்கையாலயா சவரம் பண்ணுதாரு? இவருட்டயா போயி மொகத்தக் குடுக்காங்க?" என்றாள். சும்மாதான் கேட்டாள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

போனில் அவள் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தேன். வலது கை. புத்தகத்தைப் பார்த்தேன். இடது கை. எனக்குக் காது இரண்டும் அடைத்துவிட்டது. மெஷின் ஓடுகிறது, சத்தம் கேட்கவில்லை.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, கடைகள் எல்லாம் லீவு. அதனால்தான் விழாவைச் செவ்வாயில் வைத்தோம், அதுவும் என் யோசனைதான். இருபத்திரண்டு கடைக்காரர்களும் குடும்பத்தோடு வந்து முன் வரிசையில் உட்காருவார்கள். பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கி வந்து அவரவர் கடைக்காரர் கையில் புத்தகத்தைக் கொடுப்பார்கள். அவள் தன் அப்பா கையில் கொடுப்பாள். ஆசையாக நாற்பத்தேழாம் பக்கத்தை அவளே விரித்துக் கொடுப்பாள். அவர் என்ன நினைப்பார்? டிசைனர் ஒரு பொத்தானை அமுக்கினான் என்றா நினைப்பார்? எழுதியதை எடு என்று சொன்னதற்கு, மகள் அதைப் படமாகப் போட்டு ஊருக்கே காட்டிவிட்டாள் என்றுதானே நினைப்பார்? வகுப்பு நடுவே எழுந்து நின்று 'எங்க அப்பா கடை' என்று சொன்ன பிள்ளை, அண்ணாச்சி. இனி அந்த வீட்டில் அவளுக்கு யார் சடை பின்னுவார்?

முன் வரிசையில் இருக்கிற மற்ற இருபத்தோரு பேர்? தொழில்காரர்களுக்கு முகத்துக்கு முன்னால் கைதான் கண்ணில் படும் என்று இப்போது நீங்களே காட்டிவிட்டீர்கள். அவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? ஒவ்வொருவரும் கத்தி எடுத்துப் பழகிய ஆட்கள்... மன்னித்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கழுத்தில் வைத்திருக்கிற உங்களிடமே இப்படிச் சொல்கிறேன். நான் அப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை. பயத்தில் வாய் உளறுகிறது. எனக்காக நான் பயப்படவில்லை, அந்தப் பிள்ளைக்காகத்தான்.

தப்பிக்க என்னென்ன யோசித்தேன் என்று கேளுங்கள். பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் அந்த ஒரு தாளைக் கிழித்துவிடலாம் என்று யோசித்தேன். கிழித்தால் பின்பக்கம் வேறொரு பையனுடையது, அவனும் போய்விடுவான். ஸ்டிக்கர் ஒட்டலாமா? முந்நூறு ஸ்டிக்கரை யாரிடம் என்ன சொல்லி அடிப்பது? அச்சகத்துத் தப்பு என்று சொல்லிவிடலாமா? அதைச் சொல்லிப் பார்த்தேன், ஜன்னல் பக்கம் திரும்பி, மெதுவாக. நன்றாகத்தான் இருந்தது. பிறகு செங்கோட்டைக்கு ஒரு பஸ் போனது. அதில் ஏறினால் கொல்லம். இந்த வயசில் ஓடிப்போவது எப்படி என்றும் யோசித்தேன்.

இதோ மறுபடி துடிக்கிறது. இது ஒன்பதாவது தடவை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், எனக்குத் தெரியும். 'சார், எம் பக்கம் எப்படி வந்திருக்கு?' பதினாறு வயசு. முதல் தடவையாக அவள் பெயர் அச்சில். ஒன்பது தடவையும் என் தொடையில் அடித்து அடித்து ஓய்கிறது. எடுக்கப் பயமாக இருக்கிறது.

ஏன் கத்தியை மடக்கிவிட்டீர்கள்? இன்னும் ஒரு கன்னம் இருக்கிறதே. சோப்பு காய்கிறது, இழுக்கிறது. அந்த ஆளைக் கேட்கிறீர்களா? பரமசிவன்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆமாம், அபி ஹேர் டிரஸ்ஸர்ஸ். உங்களுக்கு எப்படி...

மூக்குக்கண்ணாடியை ஏன் எடுத்துக் கொடுக்கிறீர்கள்? போட வேண்டுமா? நாற்காலியைத் திருப்ப வேண்டாம், தலை சுற்றுகிறது. சரி, போட்டுக்கொள்கிறேன்.

அந்த மஞ்சள் அட்டை.

'இருபத்திரண்டு கண்ணாடிகள். நூல் வெளியீட்டு விழா. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.' மூலையில் என் சீப்பு. நான் வரைந்த சீப்பு. இந்த மஞ்சளை நாலு தடவை மாற்றி மாற்றிப் பிடித்தேனே. இவ்வளவு நேரமும் இது கண்ணாடியில் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. மங்கலாக இருந்தால் என்ன, திரும்பி இருந்தால் என்ன, நான் செய்தது எனக்கே தெரியவில்லையே.

உங்களுக்கு யார் கொடுத்தார்? அவரா? அவரே வந்து கொடுத்துவிட்டுப் போனாரா?

பெரியம்மா மகன். அவர் உங்கள் பெரியம்மா மகன். அப்படியென்றால் படத்தைக் கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னைப் பேசவிட்டீர்கள். இல்லை, நான்தான் பேசினேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானேதான்...

ஒன்று மட்டும் சொல்லுங்கள் அண்ணாச்சி. உங்களுக்கு முன்பே தெரியும்தானே? அவர் இடது கை என்று? சின்ன வயசிலிருந்து ஒன்றாக இருந்தவர்கள், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? துண்டால் கட்டினது?

தெரியாதா?

இன்றைக்குத்தானா?

படத்தைப் பார்த்து யாரோ திருப்பிவிட்டான் என்றுதான் நினைத்தீர்களா? கதவு எழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டதா? "போட்டோவ மாத்திப் போட்டுட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சிருப்போம்" என்கிறீர்கள். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள். அப்படியானால் உங்களுக்கு அதைச் சொன்னது படம் இல்லை, நான்.

ஐயா, நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டீர்கள். மாட்டீர்கள்தானே? எதுவும் சொல்லுங்கள், இப்படிப் பார்க்காதீர்கள். அடித்தால்கூடப் பரவாயில்லை.

மீதிக் கன்னத்தை முடிக்க மாட்டீர்களா? அவளுக்குப் போன் போட்டால்தான் கத்தியை எடுப்பீர்களா? இந்தக் கோலத்தில் நான் வாசலைத் தாண்ட முடியாது என்று தெரிந்துதானே சொல்கிறீர்கள். பாதி முகத்தில் நுரையோடு எந்தக் கண்டக்டர் என்னை ஏற்றுவான்? ... சரி. சரி, போடுகிறேன். என் தொடையிலேயே கிடந்து இவ்வளவு நேரம் அடித்தது. ஈரக் கை, போன் வழுக்குகிறது. நீங்களே அந்தப் பச்சையை அமுக்குங்கள். சத்தமாக வைக்க வேண்டாம்.

மணி அடிக்கிறது.

அபிநயா? நான்தான்மா. ... ஆமா, எடுக்க முடியல. ... வந்திருச்சு. நல்லா வந்திருக்கு, சீப்பெல்லாம் நல்லா வந்திருக்கு. ... ஒம் பக்கமா? இரு, அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இப்ப எங்க இருக்க, கடையிலயா? அப்பா இருக்காங்களா? ... யாருக்குச் சவரம் பண்ணிட்டு இருக்காங்க? மாப்பிள்ளைக்கா? ... சரி. போன அவங்கட்டக் குடு. இல்லம்மா, ஒங்கிட்ட இல்ல, மொதல்ல அவங்ககிட்டதான் பேசணும். நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீ ஒண்ணும் பண்ணல, நீ பக்கத்துலயே நில்லு, போயிராத.

அண்ணாச்சி, நீங்களும் போகாதீர்கள்.

பரமசிவண்ணே, நான்தான், சிதம்பரநாதன். ... இல்ல, விழா எல்லாம் நடக்கும். வேற விஷயம். கத்தி கையில இருக்கா? கீழ வச்சிட்டுக் கேளுங்க.